காலநிலைக்காக மலைப்பாதையில் நெடுந்தூர ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றத்தைப் பற்றி நாலு பேர் காதில் போட வேண்டும் என்பதற்காகவே மலைப்பாதையில் 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் என்று ஓடக் கிளம்புபவர்கள் இப்போது அதிகமாகி வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இவை. முதல்முறை இவ்வளவு தூரம் ஓடப்போகிறவரை மனதில் வைத்து எழுதியது. இதயக் கோளாறு, சர்க்கரை, பழைய மூட்டுக் காயம் என்று ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

நான் ஓடுவதால் ஒரு கிராம் கார்பன்கூடக் குறையாதே, அப்புறம் எதற்கு ஓட வேண்டும்?

குறையாதுதான். ஓட்டம் சம்பாதித்துத் தருவது கவனத்தை மட்டும். அந்தக் கவனத்தை எதற்குச் செலவு செய்யப்போகிறீர்கள் என்பதை, பயிற்சியின் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது. ஏனென்றால் ஓடும் நாள் ஒரே ஒரு நாள். பயிற்சியோ ஆறு மாதம். விடியற்காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வீட்டில் கேட்பார்கள், வேலை செய்யும் இடத்தில் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்பார்: "எதற்கு இவ்வளவு கஷ்டப்படுகிறாய்?" அந்தக் கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் தயாராக இருந்தால், போட்டி நாளில் எல்லைக் கோட்டில் நிற்கும் கூட்டத்தைவிட அதிகம் பேரிடம் நீங்கள் பேசியிருப்பீர்கள்.

ஆஸ்திரேலியாவின் மினா குலி உலகத்தின் தண்ணீர் நெருக்கடிக்காக ஓராண்டில் 200 மாரத்தான் ஓடி, 2023 மார்ச்சில் ஐ.நா. தண்ணீர் மாநாடு நடந்த சமயத்தில் நியூயார்க்கில் முடித்தார். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான், தண்ணீர். எங்கே போனாலும் அதையே பேசினார். நீங்களும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வற்றிப்போன ஓர் ஓடை, அடிக்கடி எரியும் ஒரு காடு, வெயிலில் வேலை செய்பவர்களின் உடல்நிலை, இப்படி ஏதாவது. "பூமியைக் காப்போம்" என்று பனியனில் அச்சடித்தால் யாரும் எதிர்க்க மாட்டார்கள், யாருக்கும் நினைவிலும் இருக்காது.

எவ்வளவு தூரத்தைத் தேர்ந்தெடுப்பது?

42.2 கிலோமீட்டரை, அதாவது மாரத்தான் தூரத்தைத் தாண்டினாலே அது அல்ட்ரா எனப்படும் நெடுந்தூர ஓட்டம்தான். முதல்முறைக்கு 50 போதும். மாண்ட் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாடுகள் வழியாகப் போகும் யுடிஎம்பி ஓட்டம் சுமார் 170 கிலோமீட்டர், ஏறக்குறைய 10,000 மீட்டர் ஏற்றம். அதைக் காணொளியில் பார்த்துவிட்டு நேரே 100 மைலில் (சுமார் 160 கிலோமீட்டர்) கைவைக்க நினைப்பவர்கள் உண்டு, வேண்டாம்.

தூரத்தோடு சேர்த்து ஏற்றத்தையும் பாருங்கள். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 30 கிலோமீட்டர், 1,800 மீட்டர் ஏற்றம் என்றால் 6-உம் 3-உம் ஒன்பது மணி நேரம். நடப்பவர்களுக்கான கணக்கு என்பதால் நீங்கள் இதைவிட வேகமாகப் போகலாம். ஆனால் வழியில் யாரையாவது சந்திக்கவோ, ஒரு பள்ளியில் நின்று பேசவோ திட்டம் இருந்தால் இந்தக் கணக்கை வைத்தே நேரம் கொடுங்கள், காத்திருப்பவர்களை ஏமாற்றாமல் இருக்கலாம்.

இதுவரை 10 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறேன். எத்தனை மாதம் வேண்டும்?

அந்த 10-ஐ மூச்சு வாங்காமல் ஓடி முடிக்கிறீர்கள் என்றால், 50-க்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் கால், இடுப்பு, வயிற்றுத் தசைகளுக்கான உடற்பயிற்சி, ஒரு நாள் முழு ஓய்வு. நான்கு ஓட்டங்களில் மூன்று, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருக்க வேண்டும். இதுதான் பலருக்குக் கஷ்டம், மெதுவாக ஓடுவது. ஒரே ஒரு நாள் மட்டும் மேட்டில் வேகமாக ஏறி மெதுவாக இறங்குங்கள்.

மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம்தான் கூட்டலாம் என்று ஒரு விதி எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதற்குப் பெரிய ஆய்வு ஆதாரம் கிடையாது, என்றாலும் அவசரக்காரர்களுக்கு நல்ல கடிவாளம். நீண்ட ஓட்டம் ஐந்து, ஆறு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. சனிக்கிழமை நான்கு மணி நேரமும், களைத்த காலோடு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் ஓடினால் ஒரே நாளில் எட்டு மணி நேரம் ஓடிக் காலைக் கெடுத்துக்கொள்வதைவிட நல்லது. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். அந்த இரண்டு வாரத்தில் "இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாமோ" என்று மனம் அரிக்கும், ஓடாதீர்கள்.

சாலையில் ஓடிப் பழகியவன் நான். மலைப்பாதையில் என்ன வித்தியாசம்?

இறக்கம். எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அந்த வேலையில்தான் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. பழக்கமில்லாமல் 800 மீட்டர் இறங்கிய மறுநாள் காலையில் மாடிப்படியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார்கள், அப்படி யாரையாவது பார்த்தால் முந்தின நாள் என்ன செய்தார் என்று கேட்கவே வேண்டாம்.

நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தயாராகிவிடுகிறது, அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது நீண்ட இறக்கம் ஓடுங்கள், கடைசிப் பெரிய இறக்கத்தை ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடித்துவிடுங்கள். எப்படி இறங்குவது? அடியைச் சுருக்குங்கள், வேகமாக எடுத்து வையுங்கள். பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும், முன்னால் நீட்டிக் குதிகாலால் பிரேக் போட்டால் முழங்கால் பதில் சொல்லும். கையை இறக்கை மாதிரி கொஞ்சம் அகட்டி வைத்துக்கொள்ளலாம். கண் காலடியில் இருக்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். அடுத்த கல்லைக் கண் பார்த்துவிட்டால் கால் தானே இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், ஷூவின் மேல் துளை வரை கயிறு கோத்துக் குதிகால் அசையாதபடி கட்டுங்கள். நகம் கறுத்துப்போவது பெரும்பாலும் கால் முன்னால் சறுக்கி ஷூ நுனியில் இடிப்பதால்தான்.

ஏற்றத்தில் நடக்கலாமா?

தாராளமாக. முன்னணி வீரர்களே செங்குத்தான ஏற்றத்தில் தொடையில் கையை ஊன்றி நடக்கிறார்கள்.

வெயில் காலத்தில் பயிற்சி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் உடம்புக்கு அவகாசம் கொடுத்து. ஓட்டம் வெயிலில் நடக்கப்போகிறது என்றால் பழகியே ஆக வேண்டும். ஒன்று முதல் இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் போல வெப்பத்தில் மிதமாக ஓடினால், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு குறைகிறது. விட்டுவிட்டால் சில வாரங்களில் இந்தப் பழக்கம் கரைந்துவிடும்.

வெப்பநிலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது சொட்டிக் கீழே விழுமே தவிர ஆவியாகாது. இந்த இடத்தில் உங்கள் பயிற்சியும் நீங்கள் பேசப்போகும் விஷயமும் ஒன்றாகிவிடுகின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்துவைக்க முடியும். சூடேறும் உலகம் பல இடங்களில் புழுக்கம் கூடிய உலகமாகவும் இருக்கும். நீங்கள் நிழலைப் பார்த்து நின்றுவிடலாம், தண்ணீர் குடிக்கலாம், நாளைக்கு ஓடிக்கொள்ளலாம். கட்டட வேலையிலும் வயல் வேலையிலும் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. யாராவது காலநிலை என்றால் பனிக்கரடி என்று நினைத்துக்கொண்டு பேசினால் இதைச் சொல்லுங்கள், உங்கள் உடம்பே சாட்சி.

கூட ஓடுபவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ வெப்பத்தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் போகும் நிலை அது. அவசர உதவியைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் உடம்பை உடனே குளிர வைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் முக்குவது முதல் தேர்வு, முடியாவிட்டால் ஈரத்துணி, காற்று, ஐஸ், எது கிடைக்கிறதோ அது.

காட்டுத்தீப் புகை இருந்தால்?

ஓடாதீர்கள். கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டம், இந்த விளையாட்டின் மூத்த ஓட்டங்களில் ஒன்று, 2008-இல் காட்டுத்தீயால் ரத்தானது. ஓடும்போது சாதாரண நேரத்தைவிடப் பல மடங்கு காற்றை உள்ளே இழுக்கிறோம், அதோடு சேர்ந்து நுண்துகளும் போகும். அன்றைக்கு வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்தால் போதும், ஒரு நாளில் ஒன்றும் குறைந்துவிடாது.

என்ன சாப்பிடுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது?

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளையும் கலந்து எடுத்துக்கொண்டு, குடலையும் பழக்கினால் 90 வரை போகலாம். பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழான ஜெல், பழம், உப்புத் தூவிய வேகவைத்த கிழங்கு, எதுவானாலும் சரி, நீண்ட பயிற்சி ஓட்டத்தில் சாப்பிட்டுப் பார்த்ததை மட்டும் அன்றைக்கு எடுத்துப் போங்கள். பசித்த பிறகு சாப்பிட்டால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம், முதல் அரை மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள். இனிப்பே சாப்பிட்டு வாய் வெறுத்துப்போகும், அதனால் உப்பாக ஒன்று பையில் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் தாகத்தை நம்புங்கள். "நிறையக் குடி, நிறையக் குடி" என்று எல்லோரும் சொல்வது ஆபத்தான அறிவுரை. தேவைக்கு மேல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், குழப்பம் என்று தொடங்கி வலிப்பு வரை போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. கிளம்பும்போது இருந்த எடையைவிட முடிக்கும்போது எடை கூடியிருந்தால் நீங்கள் அதிகமாகக் குடித்திருக்கிறீர்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

இபுப்ரோஃபென் வகை மாத்திரை வேண்டவே வேண்டாம். உடம்பில் நீர் குறைந்து, தசை சிதைந்து, சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதற்குப் போகும் ரத்தத்தையும் அந்த மாத்திரை குறைத்துவிடும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏற்பாட்டாளர்கள் சொல்லும் கட்டாயப் பொருள்கள் எல்லாம் தேவையா? சுமைதானே?

2021 மே 22-ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் அடித்து 21 பேர் இறந்துபோனார்கள். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனுமாக இருந்தார்கள். நல்ல அனுபவசாலிகளும் அதில் இருந்தார்கள். இதைப் படித்த பிறகு ஒரு மழைக்கோட்டு சுமை என்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்கோட்டு, உடம்பைப் போர்த்தும் மெல்லிய உலோகப் போர்வை, விசில், உபரி பேட்டரியோடு தலைவிளக்கு, சார்ஜ் உள்ள ஃபோன், பாதை வரைபடம், கிரேப் பேண்டேஜ், ஒரு தம்ளர். ஏற்பாட்டாளர் கேட்காவிட்டாலும் எடுத்துப் போங்கள். யாரும் நடத்தாத, நீங்களே திட்டமிட்ட ஓட்டம் என்றால் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஷூ எத்தனை வாங்குவது?

முடிந்தவரை குறைவாக. 2013-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு ஜோடி ஓட்டக் காலணியைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அதன் மொத்த கார்பன் உமிழ்வு ஏறக்குறைய 14 கிலோ. அதில் பெரும்பங்கு, ஷூ தொழிற்சாலையில் தயாராகும்போதே வெளியாகிவிடுகிறது. ஆக, புதிய "பசுமை" ஷூவைத் தேடுவதைவிடக் காலில் இருப்பதை முழுசாக ஓட்டித் தேய்ப்பதுதான் பெரிய உதவி. சேறு காய்வதற்குள் தட்டிவிடுங்கள், வெயிலில் வைக்காமல் காகிதம் திணித்து நிழலில் காயவையுங்கள், தையல் விட்டால் தைத்துப் போடுங்கள். ஓட்டத்துக்கென்று புதுப் பனியன், புதுப் பதக்கம், பிளாஸ்டிக் பை நிறைய விளம்பரத் தாள் எல்லாம் வேண்டாம் என்று ஏற்பாட்டாளரிடமே சொல்லுங்கள். நாலு பேர் சொன்னால் அடுத்த ஆண்டு நிறுத்திவிடுவார்கள்.

ஓடுவதற்காக விமானத்தில் போகலாமா?

என் பதில், வேண்டாம். ஓட்டத்தால் ஏற்படும் உமிழ்வில் பெரும்பகுதி பெரும்பாலும் ஓட வருபவர்களின் பயணத்தில்தான் இருக்கிறது. ஒரு நீண்ட விமானப் பயணத்துக்கு முன்னால் நீங்கள் மிச்சம் பிடித்த ஷூவும் பனியனும் ஒன்றுமே இல்லை. காலநிலையைப் பற்றிப் பேச வந்தவரிடம் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

2024-இல் ஸ்பெயினின் மலை ஓட்ட வீரர் கிலியன் ஜோர்னெட் ஆல்ப்ஸில் 4,000 மீட்டருக்கு மேல் உள்ள 82 சிகரங்களை 19 நாளில் ஏறி முடித்தார். சிகரத்துக்குச் சிகரம் போனது ஓடியும் நடந்தும் சைக்கிளிலும்தான். அவரோடு நம்மை ஒப்பிட முடியாது, ஆனால் ரயிலிலோ பேருந்திலோ போய் இறங்கக்கூடிய ஒரு மலையில் பாதை வகுத்துக்கொள்ள நம்மாலும் முடியும். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எட்டும் தூரத்தில் உள்ள மலையில் பயிற்சி எடுத்தால் ஆறு மாதத்தில் அந்த மலையை நன்றாகத் தெரிந்துவிடும்: எந்த ஊற்று எப்போது வற்றுகிறது, எந்தச் சரிவில் மண் சரிகிறது, தண்ணீருக்காக அங்கே இருப்பவர்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள். வேறு கண்டத்தில் போய் ஓடினால் இதெல்லாம் தெரியவே தெரியாது.

வழியில் மக்களிடம் என்னத்தைக் காட்டுவது?

கண்ணால் பார்க்கும்படி ஒன்றை. பிரான்ஸின் ஷாமோனியில் மேர் த கிளாஸ் என்ற பனியாற்றுக்கு நூறாண்டு தாண்டிய பழைய மலை ரயில் ஒன்று போகிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை அதில் போய் இறங்கி, பனிக்குகைக்குப் போகும் படிகளில் இறங்கினால் பக்கத்துப் பாறையில் ஆண்டு எழுதிய பலகைகள் வந்தன, அந்தந்த ஆண்டில் பனி எந்த உயரத்தில் இருந்தது என்பதற்காக. அடுத்தடுத்த பலகைகளுக்கு இடையே எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே இறங்கியவருக்கு யாரும் வரைபடம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை, மூட்டே சொல்லிவிட்டது.

உங்கள் பாதையிலும் இப்படி ஒன்று இருக்கும். பழைய வெள்ள மட்டக் குறி, எரிந்த மரங்கள், காலியான நீர்நிலை. அந்த இடத்தில் நில்லுங்கள், நேரம் போனாலும் பரவாயில்லை. முதலில் அங்கே வசிக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள், பேசுவதைவிட அதிகமாகக் கேளுங்கள். அவர்கள் அனுமதித்தால் மட்டும் படம் எடுங்கள். எல்லா மாற்றத்துக்கும் காலநிலையே காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு ஓடை வற்றியதற்கு மேலே கட்டிய தடுப்போ, ஆழ்துளைக் கிணறுகளோ காரணமாக இருக்கலாம். தெரிந்துகொண்டு பேசினால் உங்கள் மீதி வார்த்தைகளையும் நம்புவார்கள்.

"இதெல்லாம் இயற்கையாக வருவதுதான்" என்று ஒருவர் வாதாடினால்?

ஓடிக்கொண்டே வாதாட வேண்டாம், மூச்சு போதாது. நின்று இரண்டு விஷயம் சொல்லுங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் அளந்து வருகிறார்கள். இரண்டாவது, வெப்பமாதலுக்குச் சூரியன் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பது வேறு: கீழடுக்கு சூடாகிறது, மேலே ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற அடுக்கு குளிர்கிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள் கூடும்போது எதிர்பார்க்க வேண்டியது இதுதான். 2024-ஆம் ஆண்டின் சராசரி தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொல்லியிருக்கிறது. அதற்கும் மேல் அவர் கேட்கத் தயாராக இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு ஓடுங்கள், இன்னும் பல கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

ஸ்பான்சர் தருகிறார்கள். வாங்கலாமா?

யார் தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2023-இல் யுடிஎம்பி ஒரு கார் நிறுவனத்தின் பெயரை ஓட்டத்தோடு சேர்த்துக்கொண்டபோது, ஓட்டக்காரர்களிடமிருந்தே கடுமையான எதிர்ப்பு கிளம்பியது. எண்ணெய், நிலக்கரி, விமானம் என்று எதைக் குறைக்கச் சொல்கிறோமோ அதை விற்பவரின் பெயரை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஓடினால் அவருக்குத்தான் லாபம். பணம் திரட்டுவதாக இருந்தால் எவ்வளவு வந்தது, யாருக்குப் போனது என்று ரசீதோடு வெளியிடுங்கள். உங்கள் சொந்தச் செலவை அந்தப் பணத்தில் கைவைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நின்றுவிட்டால் இத்தனை பேரிடம் சொன்னதெல்லாம் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. 31-ஆவது கிலோமீட்டரில் கணுக்கால் பிசகி உட்கார்ந்தால் அங்கிருந்தே பேசுங்கள். நீங்கள் காட்ட நினைத்த ஓடை அப்போதும் வற்றித்தான் இருக்கும். ஆனால் மக்களிடம் சொல்லிவிட்டோமே என்பதற்காக அடிபட்ட காலோடு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மலையில் உங்களைத் தூக்கிவர நாலு பேர் தங்கள் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும்.

ஓட்டம் முடிந்த பிறகு என்ன செய்வது?

முதல் வாரம் ஓடாதீர்கள். நடங்கள், தூங்குங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். படி இறங்கும்போது தொடை வலிக்காமல் இருந்தால் இரண்டாவது வாரம் லேசாகத் தொடங்கலாம். இந்த இடைவெளியில்தான் மீதி வேலை இருக்கிறது, இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எடுத்த படங்களையும் பெரியவர்கள் சொன்னதையும் ஒரு பக்கத்தில் எழுதி, எந்த அலுவலகம் அதைப் பற்றி முடிவெடுக்குமோ அங்கே கையில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். ஒரே ஒரு கோரிக்கை போதும். ஊற்றைச் சுற்றி மரம் வெட்டுவதை நிறுத்துவது, உச்சி வெயிலில் வேலை நேரத்தை மாற்றுவது, இப்படி ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி இருக்கட்டும். வழியில் பேசியவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்து மறுபடி போய்க் கேளுங்கள், முடிந்தால் கூட ஓடியவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.